வீடில்லாத வாடிக்கையாளர்

வங்கியில இருபது வருசத்துக்கு மேல குந்தியிருந்த எனக்குக் காசைப்பற்றி ஒண்டும் தெரியாது எண்டு கொழும்புத் தலைமை அலுவலகம் ஒருநாள் கண்டுபிடிச்சுது. இனி முகாமையாளரா வாறதெண்டால் நிதித் திட்டமிடல் சான்றிதழ் எடுக்கோணுமாம். சண்டை நடந்துகொண்டிருந்த காலம். நாளைக்குப் பாதை திறப்பாங்களோ எண்டு தெரியாத மட்டக்களப்பில இருந்துகொண்டு, மனிசருக்கு முப்பது வருசத்துக்குத் திட்டம் போடப் படிக்கச் சொன்னாங்க. நல்ல விசயம்.

எனக்கும் அது தேவைப்பட்டது. படிப்பு ஆசையில இல்லை, குவார்ட்டர்ஸ் ஆசையில. முகாமையாளருக்கெண்டு வாவிக்கரையில விறாந்தை வச்ச வங்கி வீடொண்டு இருந்தது. மகளுக்கோ கலியாணம் பேசி முடிஞ்சிட்டுது. எங்கட பக்கத்தில பொம்பிளைப் பிள்ளைக்குத்தான் வீடு. மாப்பிள்ளை வந்து அதில குடியேறுவார். தாய் தகப்பன் வளவுக்குள்ள தள்ளி இன்னொண்டு கட்டிக்கொண்டு ஒதுங்கோணும். கட்ட எங்க போறது? சீமெந்து மூட்டைக்கே ஆமிக்கிட்ட அனுமதி கேக்கிற காலம். குவார்ட்டர்ஸ் கிடைச்சால் மனிசியும் நானும் மரியாதையா இருப்பம். கிடைக்காட்டி குசினிக்குப் பின்னால, வட்டை வயலில இருந்து வாற நெல்லு அடுக்கிற அறைதான்.

பாடப்புத்தகம் பெரிய புத்திசாலி. ஒவ்வொரு குடும்பமும் அவசரத்துக்கு ஆறு மாதச் செலவை எடுத்து வைக்கோணும் எண்டு அதில கிடந்தது. மனிசிக்கு வாசிச்சுக் காட்டினன். அவ கதவடியில கிடந்த பையைக் கண்ணால காட்டினா. உடுப்பு, காணி உறுதிப் பத்திரம், மகள்ட நகை, ஒரு பிஸ்கட் பக்கற். ஷெல் விழுந்தால் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓட வச்சது. அவவுக்கு ஆரும் சான்றிதழ் குடுக்கல்ல.

சோதினை கொழும்பில. வழியெல்லாம் செக்பாயிண்டில இறங்கி, வரிசையில நடந்து, திரும்ப பஸ்ஸில ஏறினம். ஒரு ஆமிக்காரன் என்ட கொப்பியில ஏறி இறங்கிற கோட்டுப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அது பங்குச் சந்தை எண்டு எனக்குத் தெரிஞ்ச அரைகுறைச் சிங்களத்தில விளங்கப்படுத்தினன். அவனுக்கு விளங்கல்ல. உண்மையைச் சொன்னால் எனக்கும் அவ்வளவா விளங்கல்ல.

கடைசிக் கேள்விக்குத்தான் கனக்கப் புள்ளி. ஒருத்தருக்கு ஐம்பது வயசு, சொந்த வீடு, ஒரே மகள். அவருக்கு ஓய்வுகாலத் திட்டம் எழுதட்டாம். அட, இதைவிட லேசான கேள்வி இருக்கேலுமா? முதல் வேலையா அந்த வீட்டைச் சொத்துக் கணக்கில இருந்து வெட்டினன். மகள் கலியாணம் முடிக்கிறதோட வீடு போயிரும், மனிசன் இப்பவே ஒரு கூரை தேடோணும் எண்டு பக்கம் பக்கமா எழுதினன். எழுத எழுத அவரை நினைச்சு எனக்கு மெய்யாவே கவலை வந்திட்டுது.

பெயில். சொந்த வீடு இருக்கிற மனிசனை நான் ஏன் தெருவில விட்டனான் எண்டு திருத்தினவர் கேட்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. தெருவில விட்டது நானா?

அடுத்த தரம் சோதினையில கேள்விக்குள்ள ஆள்தான் மாறினது, கேள்வி அதேதான். மானம் ரோசத்தை விழுங்கிப்போட்டு எழுதினன்: வீடு சாகுமட்டும் அவருக்கே, மகள் வேற இடம் பார்த்துக்கொள்ளட்டும், தேவைப்பட்டால் வீட்டை வித்துச் சிறிசா ஒண்டு வாங்கலாம். இப்பிடியொரு தகப்பனை எங்கட ஊரில கலியாணப் பந்தலுக்குள்ளயும் எடுக்கமாட்டாங்க. எனக்குத் திறமைச் சித்தியில பாஸ்.

மகள்ட கலியாணம் முடிஞ்ச கையோட பதவியும் வந்தது. மனிசி சட்டி பானையெல்லாம் கட்டி வச்சிட்டா. குவார்ட்டர்ஸ் கதவுத் திறப்பை வாங்கிக்கொண்டு வாவிக்கரைக்குப் போனன். வாசலில மண்மூட்டை. விறாந்தைக் கொடியில பச்சை உடுப்புக் காயுது. தற்காலிகமாத்தான் எடுத்திருக்கிறம் எண்டு காவலில நிண்டவன் மரியாதையாச் சொன்னான்.

நெல்லறைக்குப் போனம். சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்தன், அதை முன்விறாந்தையில கொழுவ மருமகனிட்டக் கேக்க வேண்டியிருந்தது. நல்ல பிள்ளை, ஓம் எண்டார். நான் ஆணி அடிக்க, மனிசி கீழ நிண்டு பார்த்தா.

"முதல் தரம் நீங்க எழுதினதுதான் சரி," எண்டா.

அடுத்த கிழமை ஒரு வாத்தியார் ஓய்வுகாலத்துக்கு ஆலோசனை கேட்டு வந்து எனக்கு முன்னால குந்தினார். சொந்த வீடு, ஒரே மகள். நான் பேனையை எடுத்து வீட்டை வெட்டினன். அவர் ஏனெண்டு கேக்கவேயில்லை.