பூனைக்கு ஒரு ஸ்பூன் பரங்கிக்காய்

பூனை வைத்தியத்தில் நோயாளி பொய் சொல்வதேயில்லை. கூட வருகிறவர்கள்தான் சொல்வார்கள். பூனை வளர்த்து அவதிப்படும் உங்களுக்கு இது தெரியாததா என்ன? பொள்ளாச்சிக்காரியான நான் படிப்பை முடித்த கையோடு கும்பகோணத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் மூன்று வருஷம் டாக்டராக இருந்தேன். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் மனசு லேசாகிவிடுகிறது.

அரசாணி

சேர்ந்த முதல் வாரம். மலச்சிக்கலோடு ஒரு பூனையைக் கூடையில் வைத்து, திருவையாற்றிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார் ஒரு விவசாயி. "அரசாணியை உப்பு, காரம் இல்லாம வேகவச்சு, மசிச்சு, ஒரு ஸ்பூன் மட்டும் சாப்பாட்டுல கலந்து குடுங்க" என்றேன். மனிதர் விழித்தார். எங்கள் ஊர் அரசாணிக்காய்க்குத் தஞ்சாவூர்ப் பக்கம் பரங்கிக்காய் என்று பெயர், அரசாணி என்றால் கல்யாணப் பந்தலில் நடும் கால் என்று கம்பவுண்டர்தான் என் காதில் சொன்னார்.

திருத்திச் சொன்னதும் விவசாயி பெருமூச்சு விட்டார்: "பரங்கின்னு சொல்லிருக்கலாம்ல டாக்டரம்மா, பூனைக்குக் கல்யாணம் பண்ணி வைக்கச் சொல்றீங்கன்னுல்ல நெனச்சேன்!"

சைவப் பூனை

பீன்ஸும் தயிர்சாதமும் மட்டுமே போட்டு ஒரு பூனையை வளர்த்தார் ஒரு டீச்சர். வேகவைத்த காய் கொஞ்சம் கொடுக்கலாம், ஆனால் கறியோ மீனோ இல்லாமல் பூனை உடம்பு தேறாது என்றேன். ஆனால் மேஜை மேலிருந்த பூனையோ கொழுகொழுவென்றிருந்தது.

டீச்சர் அசரவில்லை. "வெளியில என்ன சாப்பிட்டுட்டு வருதுன்னு நான் கேக்கறதில்லைங்க, எங்க வீட்டுக்காரரையும் கேக்கறதில்ல."

பொறுக்கி எடுத்த வெங்காயம்

மும்தாஜ் அக்காவின் கணவர் மஸ்கட்டில் வேலை பார்த்தார். லீவில் வந்தபோது அவர் தூக்கி வந்த குட்டிதான் சோட்டு. தினமும் போனில் அதைப் பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காதாம்.

ஒரு நாள் அக்கா கிளினிக்குக்குத் தூக்கி வந்தபோது சோட்டுவின் ஈறு வெளுத்துக் கிடந்தது. சிறுநீர் டிகாக்‌ஷன் நிறம். "காய்கறிதான் குடுத்தேன், கேரட்டு, பீன்ஸு" என்றார் அக்கா. வெங்காயம்? "குருமாவுலேர்ந்து புள்ளைங்களுக்குப் பொறுக்கிப் போடுற மாதிரி ஒண்ணு விடாம எடுத்துட்டுத்தான் குடுப்பேன்!" வெங்காயமும் பூண்டும் குழம்பில் இறங்கிய சாறே பூனையின் ரத்தத்தை அழித்துவிடும் என்று சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அவருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

மூன்று நாள் டிரிப்ஸ். மூன்று நாளும் கணவரின் போனை அவர் எடுக்கவில்லை. எனக்கும் பயம்தான், வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. நான்காம் நாள் சோட்டு தலையைத் தூக்கி, வேகவைத்த கோழியை நக்கியது. அக்கா அழுதுகொண்டே வீடியோவில் கணவரைக் கூப்பிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்: "இனிமே நம்ம வீட்டுக் கொழம்புல வெங்காயம் கெடையாது மச்சான், நீங்க லீவுல வந்தாலும்!"

அந்த மூன்று வருஷத்தில் நான் பிழைக்கவைத்த பூனைகளைவிட, என் பேச்சால் நாக்குச் செத்துப்போன கணவன்மார்கள்தான் அதிகம் இருப்பார்கள்.