மார்கித் நிறுத்திய நெருப்பு

டென்மார்க்கின் எல்ஸ்விக் ஊரில் நாலு பேர் கூடிப் பாட்டுப் பாடுவதென்றாலும் மார்கித்திடம் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும் என்று ஒரு கேலி உண்டு. மார்கித்துக்கும் அது தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

நகராட்சியில் அனுமதி கேட்டு அவள் மேசைக்குத்தான் எல்லாம் வந்து சேரும். துறைமுகத்துப் பழம்பொருள் சந்தை, தெருவை அடைத்து நீள மேசை போட்டு உண்ணும் கோடை விருந்து, பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயம், ஆகஸ்டில் வருகிற சர்க்கஸ். கேட்டவர்களுக்கு நகராட்சியின் பெஞ்சுகளையும் இரும்புத் தடுப்புகளையும் கழிப்பறை வண்டியையும் அனுப்பிவைப்பாள். போலீசுக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் அவளே சொல்லிவிடுவாள். பதிலுக்கு அவள் கேட்பது கொஞ்சம்தான். தீயணைப்பு வண்டி நுழைய வழி விட்டிருக்க வேண்டும், சொன்ன நேரத்தில் பாட்டு நிற்க வேண்டும், மறுநாள் காலையில் தரையில் ஒரு காகிதத் தட்டுகூடக் கிடக்கக் கூடாது.

எதையும் இடத்துக்குப் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வாள். ஆலைத் தெரு விருந்தில் இரைச்சல் என்று எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வருஷம் தவறாமல் புகார் கொடுத்துக்கொண்டிருந்தார். மார்கித் அவர் வீட்டுக்கே போய்க் காப்பி குடித்தாள். "பாட்டை எப்ப நிறுத்தணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க. மணியை உங்க கையிலயே கொடுத்துடறேன்" என்றாள். அந்த வருஷம் அவர் மேசையின் தலைப்பக்கத்தில் மணியோடு உட்கார்ந்திருந்தார். கடைசிவரை அடிக்க மறந்துபோனார்.

ஊரின் பெரிய விசேஷம் ஜூன் மாதத்து நடுக்கோடைத் தீ. கடற்கரையில் கிளைகளையும் பழைய கிறிஸ்துமஸ் மரங்களையும் வீட்டுயரம் அடுக்கி, உச்சியில் துணியால் செய்த சூனியக்காரியை நிறுத்தி, வெளிச்சம் போகாத அந்த நீண்ட மாலையில் எரிப்பார்கள். டென்மார்க்கில் எல்லா ஊரிலும் உண்டு. எல்ஸ்விக்கில் அதை நடத்தியவர் தோர்கில். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரோடு ஏழெட்டு ஆண்கள் ஒரு குழு. ஏப்ரல் பிறந்தால் செவ்வாய்க்கிழமைதோறும் அவருடைய படகுக் கொட்டகையில் கூடுவார்கள். தீ வைக்கிற அன்று காலையில், குவியலுக்குள் முள்ளெலிகள் குடியேறியிருக்குமே என்று, மொத்தத்தையும் பிரித்துத் திரும்ப அடுக்குவார்கள். பெயின்ட் அடித்த பலகை சேர்க்கக் கூடாது, டயர் கூடாது என்று மார்கித் சொன்ன எதையும் தோர்கில் மீறியதில்லை.

அந்தக் குழுவில் மார்கித்தின் கணவன் கார்ஸ்டனும் இருந்தான். மீன் தொழிற்சாலையில் முதுகு போய், ஐம்பது தாண்டியதுமே வீட்டோடு இருந்துவிட்டவன். அதிகம் பேச மாட்டான். மார்கித் ஊர்க்கதையெல்லாம் கொட்டுவாள், அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பான். செவ்வாய்க்கிழமை மட்டும் சாப்பிட்ட கையோடு சைக்கிளை எடுத்துவிடுவான்.

பிறகு பக்கத்து மூன்று ஊர்களோடு எல்ஸ்விக்கையும் சேர்த்து ஒரே நகராட்சி ஆக்கினார்கள். மார்கித்தின் மேசை அவற்றில் பெரிய ஊருக்குப் போனது; வீடு மட்டும் எல்ஸ்விக்கிலேயே. நாலு ஊர் விசேஷங்களுக்கும் அவளே பொறுப்பு. எதிரே கணினித் திரையில் வரைபடம், அதில் எந்த இடத்தையும் பெரிதாக்கிப் பார்க்கலாம், ஒரு கோடு இழுத்தால் தூரம் வந்துவிடும். முதல் வருஷம் இரண்டொரு தடவை பழையபடி நேரில் போனாள். அப்புறம் நேரம் இல்லை. கொஞ்ச நாளில், போகத் தேவையும் இல்லை என்றாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் எல்ஸ்விக் கடற்கரையின் மணல்மேட்டை ஒட்டிக் கோடை வீடுகள் எழுந்தன. எல்லாம் நாணல் கூரை. நாணல் கூரையிலிருந்து திறந்தவெளித் தீ குறைந்தது இருநூறு மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது விதி. தீ வைக்கும் இடத்திலிருந்து கூரைவரை மார்கித் திரையில் கோடு இழுத்துத் தூரம் பார்த்தாள். குறைந்தது. இன்னொரு தரம் இழுத்தாள். அப்போதும் குறைந்தது. கடற்கரையில் இந்த வருஷம் அனுமதி இல்லை, பள்ளிக்கூட மைதானத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று தோர்கிலுக்குப் பதில் அனுப்பினாள்.

இரண்டு நாள் கழித்து தோர்கில் பஸ் ஏறி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றார்.

"ஏம்மா மார்கித், நம்ம கடற்கரைக்கு வழி மறந்துபோச்சா?"

"உக்காருங்க தோர்கில். உங்க மேல குத்தம் ஒண்ணும் இல்ல. வீடு வந்துடுச்சு. நாணல் கூரை, ஒரு பொறி போதும்."

"காத்தைப் பார்க்காம நான் என்னைக்கு தீ வெச்சிருக்கேன்? நீ ஒரு நடை வா. அங்க நின்னு பார்ப்போம். என்ன செய்யலாம்னு அங்கயே பேசிக்கலாம்."

"நான் வந்து நின்னா வீடு நகர்ந்துடுமா?"

வேடிக்கையாகத்தான் சொன்னாள். பக்கத்து மேசை இளைஞர்கள் இருவர் சிரித்தார்கள். தோர்கில் சிரிக்கவில்லை.

"முன்னெல்லாம் வருவே" என்றார்.

"முன்னெல்லாம் எனக்கு ஒரு ஊரு. இப்ப நாலு. மைதானத்துக்குப் பெஞ்சு, தடுப்பு, தண்ணி வண்டி எல்லாம் நானே அனுப்பறேன். உங்களுக்குத் தூக்கற வேலைகூட மிச்சம்."

"சூனியக்காரியைக் கோல் கம்பத்துக்குப் பக்கத்துல நிறுத்தவா? பந்து பட்டுடப் போகுது." அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "சரிம்மா. உனக்கு வேலை இருக்கும்."

அன்று மாலை வீட்டில் கார்ஸ்டன் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தான்.

"தோர்கில் வந்தாரு" என்றாள் மார்கித்.

"தெரியும். போன்ல சொன்னாரு."

"நான் என்ன செய்ய முடியும் சொல்லு? நாளைக்கு ஒரு வீடு பத்திக்கிட்டா யாரு பதில் சொல்றது?"

"உன் வேலையை நீ செஞ்சே."

"கோபமா?"

"இல்ல." அவன் கத்தியைக் கழுவினான். "தண்ணி கொதிக்குது பாரு."

அதைப் பற்றி அவன் பேசியது அவ்வளவுதான்.

மைதானத்துத் தீயை மளிகைக்கடைக்காரர் எடுத்து நடத்தினார். ஒலிபெருக்கி வைத்தார், தொத்திறைச்சிக் கடை போட்டார். எல்லாம் விதிப்படி இருந்தது. முதல் வருஷம் நல்ல கூட்டம். அடுத்த வருஷம் பாதி. கடலைப் பார்த்து நின்று பாடிப் பழகிய பாட்டை வாகனம் நிறுத்துமிடத்தைப் பார்த்துப் பாட யாருக்கும் மனம் வரவில்லை. மூன்றாம் வருஷம் கடைக்காரரே கையை விரித்துவிட்டார். பக்கத்து ஊரில் கச்சேரியோடு பெரிய தீ நடக்கிறது, ஜனங்கள் கார் எடுத்து அங்கே போகிறார்கள் என்றார்.

தோர்கிலின் குழு தானாகக் கலைந்தது. சண்டையென்று எதுவும் இல்லை. அடுக்குவதற்கு ஒன்றும் இல்லாதபோது எதற்காகக் கூடுவது? செவ்வாய்க்கிழமைகளில் கார்ஸ்டன் வீட்டிலேயே இருந்தான். டிவியில் சைக்கிள் பந்தயம் பார்த்தான். முதுகுவலி கூடிவிட்டது என்று மார்கித் நினைத்துக்கொண்டாள். "வெளியே போய்ட்டு வாயேன்" என்று ஒருமுறை சொன்னாள். "எங்க?" என்றான். போன் அடித்தது, எடுக்கப் போய்விட்டாள். அதற்கடுத்த குளிர்காலத்தில் மாரடைப்பில் அவன் போனான். அடக்கத்தன்று தோர்கில் வந்து அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, காப்பிக்கு நிற்காமல் போய்விட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு மார்கித்துக்கு நடக்க நேரம் கிடைத்தது. ஒரு மே மாதக் காலையில் கடற்கரையோரமாக வழக்கத்தைவிடத் தூரம் போனாள். அலைத்தடுப்பைத் தாண்டி, மீன்காரர்களின் பழைய ஐஸ் கிடங்கின் இடிந்த சுவரைச் சுற்றிக்கொண்டு திரும்பியபோது, கூழாங்கல் பரவிய ஒரு சமதளம் கண்ணில் பட்டது. மூன்று பக்கமும் கடலும் கல்லும். காற்று நிலத்திலிருந்து தண்ணீரை நோக்கி வீசியது. கோடை வீடுகளின் கூரைகள் தொலைவில் விரல்நகம் அளவு தெரிந்தன. தீயணைப்பு வண்டி வர மீன்காரர்களின் பழைய பாதைகூட இருந்தது. புல்லை வெட்டினால் போதும். வரைபடத்தில் இந்த இடம் கிடங்கின் சாம்பல் நிறக் கட்டத்துக்குள் மறைந்திருந்தது. அவள் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தாள். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் முதியோர் இல்லத்துக்குப் போனாள். தோர்கில் இப்போது அங்கேதான் இருந்தார். கால் போய்விட்டது, சக்கர நாற்காலி. காதும் கேலியும் நன்றாகவே இருந்தன.

"யாரு இது, நகராட்சியா? நான் ஒண்ணும் கொளுத்தலையே."

மார்கித் சிரிக்க முயன்றாள். பிறகு சொன்னாள். "ஐஸ் கிடங்குக்குப் பின்னால ஒரு இடம் பார்த்தேன் தோர்கில். எல்லா விதியும் சரியா வருது. நான் அன்னைக்கு வந்து பார்த்திருந்தா..."

"அந்த இடமா? தெரியுமே. எங்க அப்பா காலத்துல அங்கதான் எரிச்சாங்க."

அவள் அவரையே பார்த்தாள். "தெரியுமா? அப்புறம் ஏன் சொல்லல?"

"சொல்லத்தானே பஸ் ஏறி வந்தேன். வந்து நின்னு பாரும்மான்னு கூப்பிட்டேன். நீ வீடு நகருமான்னு கேட்டே. அந்தப் பசங்க சிரிச்சாங்க." அவர் நாற்காலியின் கைப்பிடியைத் தடவினார். "திரும்பிப் போறப்பவே முடிவு பண்ணிட்டேன், நானா இனி வாயைத் திறக்கறதில்லன்னு. அவளே வந்து கேக்கட்டும்னு இருந்தேன்."

"நான் கேக்கல."

"நீ கேக்கல, நான் சொல்லல. நல்லா இருந்தோம் ரெண்டு பேரும்."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்.

அந்த ஜூன் மாதமே மீண்டும் தீ வைத்துவிட வேண்டும் என்று மார்கித் கிளம்பினாள். அவளுடைய பழைய வேலையில் இப்போது இருந்தவன் மிக்கெல் என்ற இளைஞன், மரியாதை தெரிந்த பையன். இடத்தைக் காட்டக் கூப்பிட்டதும் மறுவார்த்தை பேசாமல் வந்தான், ஷூவெல்லாம் சேறாக நடந்து பார்த்தான்.

"அருமையான இடம். அனுமதிக்குப் பிரச்சினையே இல்ல" என்றான். "தீ அணையற வரைக்கும் காவலுக்கு ஆறு பேர் மட்டும் வேணும். உங்களுக்குத் தெரியாததா, விதியை எழுதினதே நீங்கதானே."

ஆறு பேரைத் தேடி அவள் ஊர் முழுக்க நடந்தாள். பழைய குழுவில் ஒருவர் மகள் வீட்டோடு போய்விட்டார், ஒருவருக்குக் கண் தெரியவில்லை, மற்றவர்கள் இறந்துபோயிருந்தார்கள். பேக்கரிக்காரி, "நல்ல யோசனை மார்கித், நாங்க கட்டாயம் பார்க்க வருவோம்" என்றாள். காவலுக்கு நிற்பாயா என்று கேட்டதும், "அன்னைக்கு பிள்ளைங்க கச்சேரிக்குப் போகணும்னு சொல்லுதுங்களே" என்று இழுத்தாள். படகுச் சங்கத்திலும் அதே பதில். பார்க்க வர எல்லோரும் தயார். அவளையும் சேர்த்து மூன்று பேர்தான் தேறினார்கள். காவலுக்கு வராதவர்களின் பெயரைப் பொய்யாக எழுதிக்கொடுப்பது அவள் சுபாவத்தில் இல்லை. மிக்கெலைக் கூப்பிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

தீ நாளன்று மாலை முதியோர் இல்லத்துத் தோட்டத்தில் இரும்புக் கூடையில் நாலு விறகு எரித்தார்கள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. குச்சியில் சுற்றிய ரொட்டி மாவைச் சிலர் தணலில் வாட்டினார்கள். மார்கித் தோர்கிலின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கார்ஸ்டன் இருந்திருந்தா இந்நேரம் பேசிப் பேசியே இதை அணைச்சிருப்பான்" என்றார் அவர்.

"யாரு, என் கார்ஸ்டனா?"

"பின்னே வேற யாரு? கொட்டகைக்குள்ள நுழைஞ்சா அவன் வாயை மூட மாட்டானே. நாங்க வேலையைப் போட்டுட்டு அவன் பேச்சைக் கேட்டுட்டு இருப்போம். பாதிரியார் மாதிரி நடிப்பான், உன்னை மாதிரியும் நடிப்பான். தப்பா இல்ல, பிரியமாத்தான்."

அவர் வேறு யாரையோ நினைத்துக் குழப்பிக்கொள்கிறார் என்று மார்கித் முதலில் நினைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். குழப்பம் எதுவும் இல்லை.

"என்ன பேசுவான்?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் எங்க ஞாபகம் இருக்கு. சிரிச்சோம். வயிறு வலிக்கச் சிரிச்சோம்."

"ஒண்ணாவது சொல்லுங்க."

"வரலையேம்மா."

அதற்குப் பிறகு அவள் அடிக்கடி போனாள். கேக் கொண்டுபோவாள், சீட்டு விளையாடுவார்கள். கேட்டுக் கேட்டு, செப்டம்பரில் ஒருநாள் அவருக்கு ஒரு கதையின் முன்பாதி நினைவுக்கு வந்தது. கரையில் சாய்த்து வைத்திருந்த பாதிரியாரின் சைக்கிள்மேல் ஒரு கடல்நாய் ஏறிப் படுத்துக்கொண்டது. பாதிரியார் அதனிடம் மன்றாடுகிறார், அது அசைவதாக இல்லை. அதுவரை சொல்லிவிட்டுத் தோர்கில் தானாகவே சிரித்தார். முடிவு மட்டும் வரவில்லை. குழுவில் மிச்சமிருந்த இருவரையும் மார்கித் தேடிப்போய்க் கேட்டாள். ஒருவருக்கு நினைவில்லை. கண் தெரியாதவர், கதை நினைவிருக்கிறது, ஆனால் கார்ஸ்டன் சொன்னால்தான் அது கதை, தான் சொன்னால் வெறும் சைக்கிள் என்றார். வற்புறுத்தியபோது, கடைசியில் பாதிரியார் நடந்து வீட்டுக்குப் போனார் என்று சொன்னார். அப்படித்தான் முடிந்ததா என்று அவரும் உறுதியாகச் சொல்லவில்லை.

கிறிஸ்துமசுக்கு முன்பே தோர்கில் இறந்துபோனார்.