ஹவில்தார் ஏழுமலையின் பதக்கம்: செங்கல்பட்டிலிருந்து புதுப்பட்டினம் வரை

பழைய ராணுவப் பதக்கங்களைச் சேகரிக்கும் பழக்கம் எனக்குப் பல வருடங்களாக உண்டு. நம் ராணுவப் பதக்கத்தின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால், வாங்கியவரின் எண்ணும் பெயரும் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு ஆளைத் தேடிப் போவதில்தான் சுகமே. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கதை இல்லாத பதக்கத்தை யாரும் சீந்தமாட்டார்கள். சென்ற மாசியில் ஒரு சனிக்கிழமை நான் புதுப்பட்டினம் போனதும் ஒரு கதைக்காகத்தான். இதேபோல் கிளம்ப நினைப்பவர்கள் தயவுசெய்து கடைசிவரை படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பதக்கம் கிடைத்தது செங்கல்பட்டில் ஒரு பழைய பாத்திரக் கடையில். பனிமலை எல்லையில் காவல் இருந்தவர்களுக்குத் தருவது. விளிம்பில் ஏழுமலை என்று பெயர். "ஆளு செத்துட்டாரு சார், குடும்பமும் இல்ல" என்றார் கடைக்காரர். இந்த வியாபாரத்தில் எல்லாச் சிப்பாயும் செத்தவர்கள்தான், அப்போதுதான் விலை ஏறும். ஓய்வுபெற்ற சுபேதார் நண்பர் ஒருவர் அதிலிருந்த ராணுவ எண்ணை வைத்து விசாரித்தார். ஏழுமலை உயிரோடு இருந்தார். ஹவில்தாராக ஓய்வு பெற்று, புதுப்பட்டினம் குப்பத்தில் படகு எஞ்சின் பழுதுபார்க்கிறாராம். பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதையைக் கேட்டு வரலாம் என்று முடிவு செய்தேன்.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு மின்சார ரயில், பத்து ரூபாய், முக்கால் மணி நேரம். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கம் பேருந்து, ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். அணுபுரம் வரை நின்றுகொண்டுதான் போனேன். புதுப்பட்டினம் கடைத்தெருவில் இறங்கி ஆட்டோ பிடித்தேன், அறுபது ரூபாய்.

"எஞ்சின் ஏழுமலை வூடா? மின்னாடியெல்லாம் தனியா பேசிகினு கெடப்பாரு அண்ணாத்த. இப்ப மூணு வருசமா நல்லா கீறாரு. வேலையும் சுத்தமா செய்றாரு" என்றார் ஓட்டுநர். நான் அப்போது கேமராவில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழுமலைக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். வாசலில் ஒரு எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு பாட்டு முணுமுணுத்தபடி உட்கார்ந்திருந்தார். நான் துணியைப் பிரித்துப் பதக்கத்தை நீட்டினேன். கிரீஸ் கையை லுங்கியில் துடைத்துவிட்டு வாங்கினார். விளிம்பைத் தடவிப் பெயரைப் படித்தவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"கன்னியம்மா! இங்க வா! வெள்ளத்துல போச்சின்னு சொன்னியே, பாரு இத்த!"

உள்ளிருந்து வந்த அவர் மனைவி பதக்கத்தையும் என்னையும் பார்த்தார்.

"எங்க கெட்ச்சிது தம்பி?" என்று ஏழுமலை கேட்டார்.

"செங்கல்பட்டுல, பழைய பாத்திரக் கடையில."

"அம்மாந்தூரம் போயிருக்குதே" என்று சிரித்தார். கன்னியம்மா டீ போடப் போய்விட்டார். நான் போனில் ரெக்கார்டரைப் போட்டுக் கதையைக் கேட்டேன். அவரும் ஆசையாகத்தான் தொடங்கினார்.

பனியில் ஐந்து பேர் ஒரே கயிற்றில் இடுப்பைக் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். கடைசியில் வந்த தனசேகர், திருக்கழுக்குன்றத்துப் பையன், பனிப்பிளவுக்குள் விழுந்துவிட்டான். மேலே இழுக்க முடியவில்லை. உதவி வரும்வரை, அவனுக்கு அடுத்து முன்னால் இருந்த ஏழுமலை கயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

"உள்ளருந்து பேசிகினே இருந்தான். அண்ணாத்த, வுட்டுடாதன்னான். வுடலடான்னேன். ஊருக்குப் போனா மீன்கொழம்பு ஆக்கிப் போடறேன்னு சொல்லிகினு இருந்தேன். சாய்ந்தரம் வரிக்கும் பேசினான். அப்புறம் பேசல." வலது கையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கினார். "நான் வுடல தம்பி. கேட்டுப் பாரு, நான் வுடவேயில்ல."

அந்தக் கை பிறகு விரியவில்லை. பதக்கம் உள்ளே இருந்தது. நான் விடைபெற்றபோதும் அவர் நிமிரவில்லை. "வுடலடா" என்றார், என்னிடம் அல்ல.

கன்னியம்மா தெருமுனை வரை கூடவே வந்தார்.

"வெள்ளமும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். நாந்தான் வித்தேன்."

நான் அவரைப் பார்த்தேன்.

"டப்புக்கு வித்தேன்னு நெனச்சியா? பொழுது சாஞ்சா அத்தக் கைல வெச்சிகினு அந்தப் பையன் கூடப் பேச ஒக்காந்துடுவாரு. சோறு இல்ல, வேலை இல்ல. டாக்டராண்ட கூப்ட்டா வரல. கடல்ல போடலாம்னு எடுத்துகினு போனேன். அந்தப் பையனையே தூக்கிப் போடற மாதிரி இருந்திச்சி, மனசு வரல. அதான் தூரமாப் போய் வித்தேன். கொஞ்ச நாள் தேடினாரு, அழுதாரு. அப்புறம் தூங்க ஆரம்பிச்சாரு. மூணு வருசம் சார்."

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

"யாரு உன்ன வரச் சொன்னது?"

மாமல்லபுரம் போய்க் கடற்கரைக் கோயிலில் படம் எடுக்கும் திட்டத்தை விட்டுவிட்டு வந்த வழியே திரும்பினேன். குழுவில் கதை கேட்டார்கள். நான் போடவில்லை என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஒரு மனிதரின் மூன்று வருட நிம்மதியைப் போக வர இருநூறு ரூபாய்கூட ஆகாத செலவில் கெடுத்துவிட்டு வந்தவன் நான்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கல்பாக்கம் பேருந்துகள் காலையில் அடிக்கடி உண்டு, மதியத்துக்குமேல் காத்திருக்க வேண்டும். குப்பத்தில் நிழல் குறைவு, குடையும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். பதக்கத்தோடு போகிறவர்கள் முதலில் கையை வீசிக்கொண்டு போங்கள். பொருள் பையிலேயே இருக்கட்டும். அந்த வீட்டுப் பெண்ணிடம் தனியாகப் பேசி, அது எப்படி வெளியே போனது என்று தெரிந்துகொண்ட பிறகு எடுங்கள். அல்லது எடுக்காதீர்கள்.

இரண்டு வாரம் கழித்து, சுபேதார் நண்பரிடம் நம்பர் வாங்கிப் போன் செய்தேன். கன்னியம்மாதான் எடுத்தார். எஞ்சின் கொடுத்தவர்கள் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம்.

"நான் ஒரு தடவை வரட்டுமாம்மா?"

"வந்து இன்னா பண்ணுவ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.