மல்லிகாவுக்காக பஸ்ஸில் கத்தினேன்

ஆராய்ச்சிக்கூடக் குரங்குகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. லீவில் ஊருக்கு வந்தாலும் போன் விடாது.

இன்று காலை கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் இருந்தேன். கூடத்தில் புதிதாகச் சேர்ந்த ஊழியர் கூப்பிட்டார். மல்லிகா என்ற குரங்கு தன் முடியைத் தானே பிய்த்துக்கொள்கிறதாம்.

"தனியா பூட்டி வெச்சா பிய்ச்சிக்காம என்ன செய்வா? சரோஜாவோட நல்லா பழகிட்டாள்ல, சேத்து விடுங்க. வேர்க்கடலைய தட்டுல வெக்காதீங்க, குழாய்க்குள்ள போட்டுக் குடுங்க. நோண்டி எடுத்துத் திங்கட்டும், பொழுதாவது போவும்," என்றேன். சரோஜா பக்கத்துக் கூண்டுக் குரங்கு.

"கொரங்குதானே சார்," என்றார் மறுமுனையில்.

விடுவேனா? "அந்த வார்த்தைய இன்னொரு வாட்டி சொல்லாதீங்க! அவளுக்கும் மனசு இருக்கு!" என்று கத்திவிட்டு வைத்தேன்.

பஸ்ஸே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பக்கத்து சீட்டில் இருந்த கிள்ளை ஊர்க்கார அக்கா, மடியிலிருந்த கூடையைக் கீழே இறக்கிவிட்டுக் கேட்டார்: "யாருய்யா அந்தப் பொண்ணு? எங்க பூட்டி வெச்சிருக்க?"

பின்சீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்தபடி எழுந்தார். "கண்டக்டரண்ணே, வண்டிய நேரா ஸ்டேஷனுக்கு விடச் சொல்லுங்க!"

எனக்கு வியர்த்துவிட்டது. "ஐயோ, கொரங்குதாங்க!" என்றேன்.

"அட, கொரங்கா!"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா கூடையைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டார். எழுந்தவர் உட்கார்ந்து போனை நோண்ட ஆரம்பித்தார். பூட்டி வைத்ததைப் பற்றி அதன்பிறகு யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடி விழாத நிம்மதியில் நானும் சேர்ந்து சிரித்தேன்.

இப்போது ஒரே சந்தேகம்தான். மன்னிப்பை முதலில் அந்த ஊழியரிடம் கேட்பதா, மல்லிகாவிடமா? நீங்களே சொல்லுங்கள்.