ஓட்டவா, விக்கவா?

ஆனையூரில் ஒருவரிடம் பழைய கார் வாங்கினேன். லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டி. ஆனாலும் ஓட்டிப் பார்த்த அன்று பூனை மாதிரிச் சத்தமில்லாமல் போனது. சாவியைக் கொடுக்கும்போது, "புள்ள மாதிரி வச்சிருந்தேண்ணே" என்று கண் கலங்கினார், பாவி மனுஷன்.

வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தபடி, கொஞ்ச நாளில் லேசான ஆயிலாக மாற்றினேன். அவ்வளவுதான். கடகடவென்று ஒரே சத்தம், பின்னால் நீலப் புகை. தல்லாகுளம் சிக்னலில் பைக்கில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை முறைத்தார்கள், நானே புகை விடுகிற மாதிரி. மெக்கானிக் கெட்டி ஆயில் ஊற்றச் சொன்னார். என் மனைவியின் அண்ணனோ, "கெட்டியா ஊத்துனா இஞ்சின் போயிரும் மாப்ள" என்றார். ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு!

கடைசியில் ஆயில் கடைக்கே போனேன்.

"ரொம்ப ஓடுன வண்டிண்ணே. எந்த ஆயில் போடலாம்?"

கடைக்காரர் நிமிராமலே கேட்டார்.

"ஓட்டவா, விக்கவா?"

"அப்படின்னா?" என்றேன்.

"விக்கிறதுன்னா இந்தக் கெட்டி ஆயிலு. கொஞ்ச நாளைக்குச் சத்தமும் கேக்காது, புகையும் தெரியாது. விக்கிறவுக எல்லாம் இதத்தான் வாங்கிட்டுப் போவாக."

ஆனையூர்க்காரரின் கலங்கிய கண்கள் ஞாபகத்துக்கு வந்தன. தொண்டை வரை வந்த கெட்ட வார்த்தையை யாரிடம் சொல்வது?

"ஓட்டத்தாண்ணே" என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்து, வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார்.

"ஓட்டுறதுக்குன்னா, இனி எத ஊத்துனாலும் ஒண்ணுதாண்ணே."