குழித்துறை மணலில் அழுதவர்

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றெட்டு மாசியில் குழித்துறைக்குப் போனேன். அங்கே நடக்கும் எழுப்புதல் கூட்டத்தில் ஞானமுத்து மனந்திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டதுதான் காரணம். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

முந்தின பங்குனியில் எங்கள் அக்காள் ஊரில் சபைக்குச் சொந்தமான பனைகளில் பதநீர் வடியும் பாளைகளையெல்லாம் யாரோ அறுத்துப் போட்டார்கள். பனையேறியான என் அத்தான் செல்லையன்தான் அறுத்தார், நான் கண்டேன் என்று சாட்சி சொன்னவர் அதே ஊர்ப் பனையேறி ஞானமுத்து. அத்தானை இராப்போசனத்திலிருந்து விலக்கினார்கள். அவர் மகள் கல்யாணத்தையும் கோயிலில் வைக்க முடியாது என்றுவிட்டார்கள். சாட்சி பொய் என்பது என் சந்தேகம்.

நாகர்கோவிலில் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு பஸ். இருபது மைல், கட்டணம் பத்து சக்கரக் காசு. தக்கலையில் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற அரைமணி நேரம் நின்றது.

"கூட்டத்துக்கா போறிய?" என்றார் டிரைவர். "நேத்து ஒரு ஆளு அழுதாரு பாத்துக்கிடுங்க. எனக்கே கண்ணு நெறஞ்சு போச்சு."

அழுகை நன்றாக இருந்தது என்று கேட்டதும் சந்தேகம் இன்னும் கூடியது.

ஆற்று மணலில் ஓலைப் பந்தல், நாலு பெட்ரோமாக்ஸ் விளக்கு. ஞானமுத்து எழுந்து, "நான் செய்யாத பாவமில்ல" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். பந்தலே அழுதது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. எல்லாப் பாவத்தையும் செய்தேன் என்பவர் எந்தப் பாவத்தையும் பெயர் சொல்லவில்லையே!

கூட்டம் முடிந்ததும் மறித்துக் கேட்டேன். "பாளைய அறுத்தது ஆரு வே?"

"எல்லாம் ஆண்டவருகிட்ட பறஞ்சாச்சு. அவரு மன்னிச்சாரு."

"எனக்க அத்தான ஆண்டவரா வெலக்குனாரு? சபைதானே வெலக்குச்சு. அங்க வந்து பறையும்."

"பறஞ்சா பொறவு ஊருல எப்படி முழிக்கியது?" என்று சொல்லிவிட்டு இருட்டில் நடந்துவிட்டார். இவ்வளவுதான் இந்த ஆள் என்று நானும் கைகழுவிவிட்டேன்.

மறுநாள் விடியற்காலை திருவட்டாறு பக்கம் ஆறு மைல் நடந்து அக்காள் ஊர்க் கோயிலுக்குப் போனேன். முன்வரிசைப் பாயில் ஞானமுத்து இருந்தார். அத்தான் கடைசியில், சுவரோரம். இராப்போசன அப்பத்தட்டு வந்தபோது ஞானமுத்து அதைத் தொடாமல் எழுந்தார். இன்னொரு அழுகை வரப்போகிறது என்று நினைத்தேன்.

"சபைப் பனைய எனக்கு ஏறத் தரல்லன்னு கோவத்துல பாளைய அறுத்தது நான். செல்லையன் இல்ல. கண்டேன்னு பறஞ்சது கள்ளம்."

கண்ணில் ஒரு பொட்டு நீர் இல்லை. குரல் வறண்டிருந்தது. சொல்லி முடித்துக் கடைசிக்குப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார். ஒருவரும் அழவில்லை, பக்கத்தில் இருந்தவர்கள் பாயை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். சபைப் போதகரான ஐயர் அத்தானை முன்னே அழைத்தார். அக்காள்தான் அவரை எழுப்பி அனுப்பினாள்.

கூட்டத்துக்குப் போகிறவர்கள் குடிநீர் கொண்டுபோங்கள். ஆற்று நீர் கலங்கல். திரும்ப பஸ் காலை ஏழுக்குத்தான். ஆனால் மனந்திரும்புதலைப் பார்க்க வேண்டுமென்றால், அழுதவரின் சொந்த ஊருக்குப் போய் அடுத்த ஞாயிறு கடைசி வரிசையில் உட்காருங்கள்.

ஞானமுத்துவை இப்போது விலக்கியிருக்கிறார்கள். பனையேற யாரும் கூப்பிடுவதில்லை. இந்த மனந்திரும்புதலும் எத்தனை நாளைக்கோ என்று நான் அத்தானிடம் சொன்னேன். அவரோ மகள் கல்யாணத்துக்கு அழைக்க வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு ஞானமுத்து வீட்டுக்கு முதலில் போனார்.