இருபது வார்த்தைக்கு மேல் பூட்டு

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு ஜவுளிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கிஃபாயத்துல்லாவுக்கு இன்னொரு பதவியும் உண்டு, சம்பளமில்லாத பதவி. இராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து கடல் தாண்டி வந்து இங்கே நாலா பக்கமும் சிதறிக் கிடக்கும் தம் ஊர்க்காரர்களுக்காக ஒன்பது வருடமாக ஓர் இணையதளம் நடத்திவந்தார். நிக்காஹ், வாடகை அறை, வேலை காலி எல்லாம் அதில் வரும். ஆனால் சனங்கள் விழுந்தடித்துப் பார்த்தது மௌத்து என்கிற மரணச் செய்தியைத்தான். வேலை பெர்மிட்டில் வந்த ஒண்டி ஆள் இங்கே கண்ணை மூடினால் தோள் கொடுக்க ஊர்க்காரனை விட்டால் நாதி கிடையாது. மையத்தை, அதாவது உடலை, வைத்துக்கொண்டு காத்திருக்கும் வழக்கமும் நமக்கில்லை. காலையில் போனவரை சாயங்கால அஸர் தொழுததும் அடக்கியாக வேண்டும்.

சொந்தக் காசில் எத்தனை நாள் ஓட்டுவது? உதவி கேட்டால், "போட்டுடலாம் லா பாய்," என்று எல்லாரும் சொன்னார்கள். ஒருத்தரும் போடவில்லை. கடைசியில் பிரிக்ஃபீல்ட்ஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சதீஷ்குமாரிடம் போய் நின்றார். அவன் தளத்தில் ஒரு மெம்பர்ஷிப் பிளக்கினை ஏற்றிவிட்டான். சந்தா கட்டியவர் உள்ளே போய்ப் படிக்கலாம், கட்டாதவருக்குப் பூட்டு.

"தம்பி, மௌத்து நியூஸ் மட்டும் எல்லாருக்கும் தெரியணும் லா."

"தெரியும் அங்கிள். எந்த போஸ்ட்டா இருந்தாலும் முதல் இருபது வார்த்தை ஃப்ரீ. யாரு தவறிட்டாங்கன்னு அதுலயே வந்துடும். மத்த டீட்டெய்ல் வேணும்னா கட்டிட்டுப் படிக்கட்டும்."

சதீஷ்குமார் பார்த்த மரண அறிவிப்புகளில் படத்துக்குக் கீழே முதலில் பெயர்தான் இருக்கும். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நூற்றுக்கணக்கில் எழுதிய கிஃபாயத்துல்லாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சந்தா நினைப்பு கண்ணை மறைத்துவிட்டது. தலையாட்டிவிட்டு வந்தார்.

மூன்றாவது வாரம், புதன்கிழமை காலை. கிள்ளான் உணவகமொன்றில் ரொட்டி போடும் நிஜாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கல்லருகிலேயே சாய்ந்தான். முப்பத்து நான்கு வயது. மனைவி ஆரிஃபா ஊரில். இங்கே அவனுக்கென்று யாரும் இல்லை. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடவும் பள்ளிவாசலில் சொல்லவும் கிஃபாயத்துல்லாதான் ஓடினார். நடுவில் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தே செய்தியை எழுதித் தளத்தில் ஏற்றி, லிங்கை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஒருமுறை திறந்தும் பார்த்தார். தளத்துச் சொந்தக்காரருக்கு ஏது பூட்டு? பெயர், பள்ளிவாசல், நேரம் எல்லாம் பளிச்சென்று இருந்தன. குழுவில் அறுபத்தொரு பேர் 'இன்னா லில்லாஹி' என்று பதில் போட்டார்கள். ஆள் திரண்டுவிடும் என்று நம்பினார்.

அஸருக்கு வந்திருந்தவர்கள் போனவருக்கான ஜனாஸா தொழுகையைத் தொழுதார்கள். நல்ல மனிதர்கள், ஆனால் நிஜாம் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. தொழுதுவிட்டுக் கலைந்துபோனார்கள். ஊர்க்காரர் என்று வந்து நின்றது பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயிலேறி வந்த நூர் முகமது ஒருவர்தான். கேரி தீவில் வேலை பார்க்கும் ஊர்ப் பையன்களையும் காணோம், செமினியில் இருப்பவர்களையும் காணோம். மிச்ச இரண்டு தோளுக்கு இடுகாட்டு வேலையாட்களைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

"நம்ம ஊர்க்காரனுங்களுக்கு இரக்கமே இல்லாமப் போச்சு," என்று பொருமினார் கிஃபாயத்துல்லா.

நூர் முகமது தம் போனை நீட்டினார். "யாரு மௌத்துன்னு இதுல எங்கே இருக்கு பாய்? பாருங்க."

'இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். மர்ஹூம் செய்யது அபூதாஹிர் அவர்களின் பேரரும், மர்ஹூம் காதர் மீரா அவர்களின் மகனும், ஹபீப் முகமது அவர்களின் மருமகனுமாகிய...'

அவ்வளவுதான். கீழே ஒரு பூட்டுப் படம். தொடர்ந்து படிக்க உறுப்பினராகுங்கள் என்று ஒரு பட்டன். பாட்டன், தகப்பன், மாமனார் என்று வரிசையாகச் சொல்லி முடித்த பிறகுதான் நம் வழக்கப்படி போனவர் பெயர் வரும். நிஜாம் இருபத்தோராவது வார்த்தை.

"இந்தப் பழைய பேருங்களைப் பார்த்துட்டு ஊர்ல யாரோ பெரியவர் போயிட்டாருன்னு நெனைச்சிருப்பானுங்க," என்றார் நூர் முகமது. "உங்களுக்கு போன் போட்டுக் கேட்டதாலதான் எனக்கே தெரிஞ்சுது."

வீட்டுக்கு வந்ததும் கிஃபாயத்துல்லா பூட்டை எடுத்தார். 'அட, நம்ம நிஜாமா?' என்று குழுவில் மளமளவென்று வந்து விழுந்தது. இனி யாருக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? அவருக்குத் தம் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அப்போது ஆரிஃபா ஊரிலிருந்து போனில் கூப்பிட்டாள். அவளுக்கு அவர் காக்கா, அண்ணன் முறை.

"காக்கா, ஊர்க்காரவுஹ எத்தனை பேரு வந்தாஹ?"

"நானும் நூர் முகமதும்மா."

"யாரு மௌத்துன்னாலும் எங்க வூட்டுக்காரவுஹ லீவைப் போட்டுட்டு ஓடுவாஹளே காக்கா. அவுஹளுக்கு மட்டும் ஏன் யாரும் வரலை?"

பூட்டு விஷயத்தைச் சொல்லத்தான் வாயெடுத்தார். "வேலை நாளும்மா," என்றார். "யாருக்கும் லீவு கெடைக்கலை."

"நீங்களாவது போனீஹளே. அல்லா உங்களுக்கு அதுக்குண்டான கூலியைத் தருவான்."

அல்லாவிடம் துஆ கேட்கிறவளுக்கு 'அப்படியே ஆகட்டும்' என்று சொல்லாமல் இருக்க முடியாது. "ஆமீன்" என்றார் கிஃபாயத்துல்லா.